பரணில் தூங்கும் பழைய ரேடியோ: சுவிட்சைப் போடாதீர்கள்!

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய ரேடியோ பெட்டி இருக்கிறதா?

மரப் பெட்டி. முன்பக்கம் துணி. கண்ணாடியில் ஊர்ப் பெயர்கள். இரண்டோ நான்கோ குமிழ்கள். தாத்தா வாங்கிய பெட்டி. எந்தக் கம்பெனி என்று பெயர்கூட இல்லை.

பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்கும்போது அதைக் கீழே இறக்குகிறோம். தூசி தட்டுகிறோம். "இது பாடுமா?" என்று குழந்தைகள் கேட்கிறார்கள். "போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்" என்று வீட்டில் ஒருவர் ஒயரைக் கையில் எடுக்கிறார்.

நிறுத்துங்கள்!

பழைய வால்வு ரேடியோவுக்கு முதலில் செய்ய வேண்டிய காரியம், அதற்கு மின்சாரம் கொடுக்காமல் இருப்பதுதான். அது எப்படிப்பட்ட பெட்டி என்று தெரிந்துகொள்வது இரண்டாவது காரியம். பாட வைப்பது கடைசிக் காரியம். இந்த வரிசை மாறினால் பெட்டி கெடும். சில சமயம் உயிரும் போகும்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. தாத்தாவின் பெட்டி பிழைக்க வேண்டும். பேரப்பிள்ளைகளும் பத்திரமாக இருக்க வேண்டும். இரண்டும் நடக்க வழி இருக்கிறது.

பெரியவர்கள் கேட்கும் கேள்வி

"அந்தக் காலத்தில் தினமும் போட்டோம். ராத்திரி வரை கேட்டோம். யாருக்கு என்ன ஆயிற்று?" என்று பெரியவர்கள் கேட்பார்கள்.

நியாயமான கேள்விதான்.

அன்று பெட்டி புதிது. ஒயரின் மேல் இருந்த ரப்பர் மெத்தென்று இருந்தது. பின்பக்க அட்டை ஸ்குரு போட்டு மூடியிருந்தது. குமிழ்கள் எல்லாம் இருந்தன.

இன்று அந்த ரப்பருக்கு அறுபது, எழுபது வயது. விரலால் வளைத்தால் பொடிப் பொடியாக உதிரும். உள்ளே இருக்கும் செம்புக் கம்பி வெளியே தெரியும். மீதி இருந்ததை எலி கடித்திருக்கும். பின்பக்க அட்டை எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. ஒரு குமிழ் கழன்று விழுந்து, அதன் இரும்புத் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும்.

அன்று நல்ல பெட்டியாக இருந்தது, இன்றும் அப்படியே இருக்கும் என்று நினைப்பது தப்புக் கணக்கு.

வீடு தேடி வந்த குரல்

இந்தப் பெட்டிகள் எந்தக் காலத்தவை?

1924-ல் சென்னை மாகாண ரேடியோ கிளப் என்ற சங்கம் சென்னையில் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணம் போதவில்லை. 1927-ல் நின்றது. 1930-ல் சென்னை மாநகராட்சி அந்த வேலையை எடுத்து நடத்தியது. 1938 ஜூன் 16-ந் தேதி அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் பிறந்தது. 1939 மே 16-ந் தேதி திருச்சி நிலையம் பிறந்தது. 1957 அக்டோபர் 3-ந் தேதி விவிதபாரதி வந்தது. கடலுக்கு அப்பாலிருந்து இலங்கை வானொலி தமிழ்ப் பாட்டுக்களை அள்ளி அள்ளி வழங்கியது.

அப்போது ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். வருஷா வருஷம் தபால் ஆபீசில் பணம் கட்ட வேண்டும். 1980-களில்தான் அந்த முறை போயிற்று.

1947-ல் அமெரிக்காவில் டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தார்கள். 1954-ல் அங்கே சட்டைப் பையில் அடங்கும் ரேடியோ விற்பனைக்கு வந்தது. பிறகு நம் ஊர்களிலும் டிரான்சிஸ்டர் ரேடியோ பரவியது. வால்வுப் பெட்டி பரணுக்குப் போயிற்று.

ஆகவே, உங்கள் வீட்டு வால்வு ரேடியோ பெரும்பாலும் 1940-களிலிருந்து 1960-களுக்குள் வாங்கியதாக இருக்கும்.

வால்வு என்பது என்ன?

பார்ப்பதற்குச் சின்ன பல்பு மாதிரி இருக்கும். கண்ணாடிக் குழாய். உள்ளே காற்று கிடையாது. ஒரு இழை சிவந்து சூடாகும். அந்தச் சூட்டில் ஒரு தகட்டிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பும். எதிரே இருக்கும் இன்னொரு தகட்டுக்குப் பாயும். வந்த வழியே திரும்பாது. ஒரே திசைதான். கிணற்றுப் பம்பில் இருக்கும் வால்வும் தண்ணீரை ஒரே பக்கம்தான் விடும். அதனால்தான் இதற்கும் வால்வு என்று பெயர்.

1904-ல் இங்கிலாந்தில் பிளெமிங் என்ற விஞ்ஞானி இதைச் செய்தார். 1906-ல் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் இரண்டு தகட்டுக்கும் நடுவே ஒரு கம்பியைச் சேர்த்தார். மெல்லிய ஒலியைப் பெரிதாக்கும் வழி அதனால் பிறந்தது.

இழை சூடாக நேரம் ஆகும். சுவிட்சைப் போட்டு அரை நிமிஷம் கழித்துத்தான் அந்தக் கால ரேடியோ பாடும். பெரியவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும்.

ஒரு சங்கதியை மறக்கக் கூடாது. எலெக்ட்ரான்களை இழுப்பதற்கு அதிக வோல்ட் வேண்டும். வீட்டு ரேடியோவுக்குள்ளே 250 வோல்ட், 300 வோல்ட் என்று ஓடும். இன்றைய செல்போனுக்கு 5 வோல்ட் போதும். இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கையை விடக் கூடாது.

சொருகினால் என்ன ஆகும்?

ரேடியோவுக்குள் கண்டென்சர் என்ற சாமான்கள் பல இருக்கும். மின்சாரத்தைச் சேர்த்து வைப்பதும், ஒரு பக்கத்து மின்சாரம் மறுபக்கம் போகாமல் தடுப்பதும் அவற்றின் வேலை.

அவற்றில் பெரியது பில்டர் கண்டென்சர். அலுமினியக் குப்பி போல இருக்கும். உள்ளே இருக்கும் ரசாயனப் பூச்சுதான் அதற்குக் காவல். பல வருஷம் மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அந்தப் பூச்சு கெடும். திடீரென்று முழு வோல்ட் கொடுத்தால் மின்சாரம் உள்ளே தாறுமாறாகப் பாயும். குப்பி கொதிக்கும். வெடிக்கவும் வெடிக்கும். கூடவே டிரான்ஸ்பார்மரும் கருகும்.

இன்னொன்று, காகிதத்தைச் சுருட்டி மெழுகு ஊற்றிச் செய்த கண்டென்சர். காகிதம் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். தடுக்க வேண்டிய மின்சாரத்தை அது கசிய விடும். இவற்றில் மிகவும் விஷமமானது, கடைசி வால்வுக்கு முன்னால் இருக்கும் கப்ளிங் கண்டென்சர். அது கசிந்தால் கடைசி வால்வு அளவுக்கு மேல் மின்சாரம் குடிக்கும். உள்ளே இருக்கும் தகடு சிவக்கும். ஸ்பீக்கருக்கு முன்னால் இருக்கும் டிரான்ஸ்பார்மர் எரிந்து போகும்.

வேடிக்கை என்னவென்றால், அப்போதும் பெட்டி பாடிக்கொண்டிருக்கும்! "பரவாயில்லையே, அருமையாகப் பாடுகிறதே" என்று வீட்டார் மகிழ்ந்துகொண்டிருப்பார்கள். உள்ளே நல்ல சாமான் வெந்துகொண்டிருக்கும்.

நாலு ரூபாய்ச் சாமான் கெட்டதற்காக, கடையில் கிடைக்காத சாமானைப் பலி கொடுக்கலாமா?

பெயர் இல்லாத பெட்டி

"என்ன பெட்டி என்றே தெரியவில்லையே" என்று சிலர் கவலைப்படுவார்கள்.

கவலை வேண்டாம். பிலிப்ஸ், மர்பி, புஷ், எச்.எம்.வி. என்று எத்தனையோ பெயர்களில் ரேடியோக்கள் வந்தன. உள்ளூர் மெக்கானிக்குகளே சாமான் வாங்கிப் பூட்டிக் கொடுத்த பெட்டிகளும் உண்டு. அவற்றுக்குப் பெயரே இராது. பெயர் இல்லாவிட்டாலும் அடையாளம் உண்டு.

பிளக் எங்கும் சொருகியிருக்கவில்லை என்பதை முதலில் பாருங்கள். பெட்டியைத் திருப்பி வையுங்கள். டார்ச் விளக்கு அடித்துப் பாருங்கள். கையை உள்ளே விட வேண்டாம்.

பின் அட்டையில், பெட்டியின் அடியில், உள் பக்கத்தில் காகிதம் ஒட்டியிருக்கிறதா? எண் அச்சடித்திருக்கிறதா? எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பழைய தாள்களைத் தேடுங்கள். ரேடியோ லைசென்ஸ் புத்தகம் இருந்தால், பெட்டியைப் பற்றிய விவரம் அதில் இருக்கலாம்.

கண்ணாடியில் உள்ள ஊர்ப் பெயர்களைப் படியுங்கள். 'சிலோன்', 'டெல்லி' என்று இருந்தால் நம் பக்கத்து மக்களுக்காகச் செய்த பெட்டி. 'லக்சம்பர்க்', 'ஹில்வர்சம்' என்று இருந்தால் ஐரோப்பியருக்காகச் செய்தது. யாரோ கப்பலில் கொண்டு வந்திருப்பார்கள்.

கண்ணாடியில் எண்கள் மீட்டரில் இருக்கும். இன்று நாம் கிலோஹெர்ட்சில் சொல்கிறோம். 3 லட்சத்தை மீட்டரால் வகுத்தால் கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும். சென்னை வானொலி நெடுங்காலம் ஒலித்த 720 கிலோஹெர்ட்ஸ், அந்தக் கண்ணாடியில் 416 மீட்டருக்குப் பக்கத்தில் வரும்.

துடைப்பதில் ஒரு எச்சரிக்கை. கண்ணாடியின் பின்புறத்தில் ஈரத்துணி போடாதீர்கள். எழுத்துக்கள் அழிந்து போகும். வால்வுகளையும் அழுத்தித் துடைக்காதீர்கள். அவற்றின் எண் லேசாக அச்சடித்தது. ஒரு துடைப்பில் போய்விடும். அதுதான் உங்கள் பெட்டியின் ஜாதகம்! காய்ந்த பிரஷ்ஷால் தூசியை மட்டும் தள்ளுங்கள்.

எழுத்து சொல்லும் சேதி

வால்வின் மேல் ஆங்கில எழுத்துக்களும் எண்ணும் இருக்கும். எண் மங்கியிருந்தால், கண்ணாடியில் வாயால் ஆவி பட ஊதிச் சாய்த்துப் பாருங்கள். தெரியக்கூடும். எந்த வால்வு எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு தாளில் படம் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். செல்போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முதல் எழுத்தைப் பாருங்கள்.

ஆங்கில 'இ' என்று இருந்தால் அதன் இழைக்கு 6.3 வோல்ட் வேண்டும். இப்படிப்பட்ட செட்டில் பெரும்பாலும் ஒரு பெரிய டிரான்ஸ்பார்மர் இருக்கும்.

'டி' என்று இருந்தால் 1.4 வோல்ட். அது பாட்டரி செட். மின்சாரம் வராத கிராமங்களில் பாடியது. அதைப் பிளக்கில் சொருகவே கூடாது. சொருகினால் வால்வுகள் எல்லாம் ஒரே நொடியில் போகும்.

'யு' என்று இருந்தால் உஷார்! அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது எழுத்து முதலானவை, வால்வு செய்யும் வேலையைச் சொல்லும். 'எல்' என்றால் ஸ்பீக்கரை ஓட்டும் கடைசி வால்வு. 'ஒய்' அல்லது 'இஸட்' என்றால் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றுவது. 'எம்' என்றால் மேஜிக் கண். நிலையம் சரியாகக் கிடைத்ததும் பச்சை நிறத்தில் கூடுமே, அந்தக் கண்தான்.

பின்னால் வரும் எண்ணும் பேசும். 40, 41, 42 என்று நாலில் தொடங்கினால் 1940-களின் பிற்பகுதியில் வந்த வகை. 80, 81, 84 என்று எட்டில் தொடங்கினால் ஒன்பது ஊசி உள்ள வகை. 1950-களிலும் 60-களிலும் ஓடியது.

'இ.எல். 84' என்று ஒரு வால்வில் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 6.3 வோல்ட், கடைசி வால்வு, ஒன்பது ஊசி. ஒரு பெயரிலேயே மூன்று சேதி கிடைத்துவிட்டது!

அமெரிக்க வால்வு என்றால் எண்ணில் தொடங்கும். அந்த முதல் எண்தான் ஏறக்குறைய வோல்ட். 12, 12, 12, 35, 50 என்று ஐந்து வால்வு இருந்தால் கூட்டிப் பாருங்கள். 121 வருகிறது. அமெரிக்க வீட்டு மின்சாரத்துக்கு நேராகக் கட்டிய பெட்டி அது. நம் 230 வோல்ட்டில் அப்படியே சொருகினால் கருகிவிடும்.

எல்லா வால்வின் பெயரும் கிடைத்துவிட்டால், கம்பெனிப் பெயர் இல்லாமலே நல்ல மெக்கானிக் வேலை செய்வார். அந்தக் கால வீட்டு ரேடியோக்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பில் கட்டியவை.

தொட்டால் ஷாக் அடிக்கும் தகடு

இப்போது 'யு' வால்வுக்கு வருவோம்.

அந்தக் காலத்தில் எல்லா ஊரிலும் ஏ.சி. மின்சாரம் கிடையாது. கல்கத்தாவிலும் லண்டனிலும் டி.சி. மின்சாரம் ஓடிய பகுதிகள் உண்டு. இரண்டிலும் ஓடும்படி ஏ.சி.-டி.சி. செட் என்று செய்தார்கள். டி.சி.யில் டிரான்ஸ்பார்மர் வேலை செய்யாது. அதனால் அதை எடுத்துவிட்டார்கள். பெட்டி மலிவாகவும் ஆயிற்று.

கோவில் திருவிழாவில் சீரியல் பல்பு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்திருக்கும். இந்தச் செட்டிலும் வால்வு இழைகளை அப்படித்தான் கோத்திருப்பார்கள்.

இதில் ஆபத்து எங்கே இருக்கிறது?

உள்ளே எல்லாச் சாமானையும் தாங்கும் இரும்புத் தகடு ஒன்று உண்டு. சேஸி என்று பெயர். டிரான்ஸ்பார்மர் இல்லாத செட்டில், வீட்டு மின்சாரத்தின் ஒரு கம்பி நேராக இந்தச் சேஸியில் சேரும். இரண்டு ஊசிப் பிளக்கை எந்தப் பக்கமும் சொருகலாம். ஒரு பக்கம் சொருகினால் தப்பித்தோம். மறுபக்கம் சொருகினால் தகடு முழுவதும் 230 வோல்ட்!

குமிழின் இரும்புத் தண்டு அந்தத் தகட்டில்தான் பூட்டியிருக்கும். குமிழைப் பிடிக்கும் சின்ன ஸ்குருவும் தண்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதனால்தான் அந்த ஸ்குருவின் மேல் மெழுகு வைத்து அடைத்துக் கொடுத்தார்கள். மெழுகு உதிர்ந்த பெட்டியைக் குழந்தை தொட்டால்?

சுவிட்சை அணைத்துவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். சில செட்டுகளில் அணைத்த பிறகும் வால்வு இழைகள் வழியாக மின்சாரம் தகட்டுக்கு வரும். பிளக்கைப் பிடுங்கினால்தான் நிம்மதி.

ஷாக் அடிக்கிறதே என்று இந்தத் தகட்டுக்கு எர்த் கொடுப்பதும் தவறு. டிரான்ஸ்பார்மர் உள்ள செட்டுக்கு எர்த் கொடுப்பது நல்லது. டிரான்ஸ்பார்மர் இல்லாத செட்டுக்கு எர்த் கொடுத்தால் ஷார்ட் ஆகும்.

பிலிப்ஸ் பெட்டியானால் மாடல் எண்ணின் கடைசி எழுத்தைப் பாருங்கள். 'ஏ' என்றால் ஏ.சி. செட். 'யு' என்றால் ஏ.சி.-டி.சி. செட்.

ஆனால் எழுத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. சில செட்டுகளில் டிரான்ஸ்பார்மர் இருந்தும் அது மின்சாரத்தைப் பிரிக்காத வகையாக இருக்கும். முடிவு சொல்ல வேண்டியது மீட்டர்தான். பிளக் வெளியே இருக்கும்போது, ரேடியோவின் சுவிட்சை மட்டும் திருப்பி வைத்து, பிளக் ஊசிக்கும் சேஸிக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மெக்கானிக் பார்ப்பார். தொடர்பு இருந்தால் அது ஆபத்தான வகை. இரண்டு ஊசியையும் பார்க்க வேண்டும்.

யார் வேலை எது?

அடையாளம் காண்பது வீட்டார் வேலை. திறந்து பழுது பார்ப்பது பழகியவர் வேலை. இந்த எல்லையைத் தாண்டக் கூடாது என்பது என் கருத்து.

"யூட்யூபில் பார்த்தேன். நானே செய்வேன்" என்று வாலிபர்கள் சொல்வார்கள். ஆர்வம் நல்லது. கற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் பெரிய மெக்கானிக்கின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். பில்டர் கண்டென்சர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தை வைத்திருக்கக்கூடும். அதை இறக்கும் முறை தெரிய வேண்டும். ஸ்குரு டிரைவரால் ஷார்ட் செய்வது முறையல்ல. மின்தடை வைத்து நிதானமாக இறக்க வேண்டும்.

"வீட்டில்தான் ஈ.எல்.சி.பி. இருக்கிறதே" என்றும் சொல்வார்கள். நல்ல சாதனம்தான். ஆனால் டிரான்ஸ்பார்மருக்கு அப்பால் இருக்கும் 300 வோல்ட்டில் கை பட்டால் அது காப்பாற்றாது.

மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது வீட்டார் கேட்க வேண்டியவை சில உண்டு.

மின்சார ஒயரைப் புதிதாக மாற்றுவாரா? கப்ளிங் கண்டென்சரையும் மற்றக் காகிதக் கண்டென்சர்களையும் மின்சாரம் கொடுக்கும் முன்பே மாற்றுவாரா? புதிய கண்டென்சரின் வோல்ட் பழையதற்குக் குறையக் கூடாது. மின்சாரக் கம்பிகளுக்குக் குறுக்கே இருக்கும் கண்டென்சர், 'எக்ஸ் 2' என்று முத்திரை உள்ளதாக இருக்க வேண்டும். மின்சாரக் கம்பியிலிருந்து சேஸிக்கும், ஏ.சி.-டி.சி. செட்டில் ஏரியல் சொருகும் இடத்துக்கும் போகிற கண்டென்சர் 'ஒய் 2' ஆக இருக்க வேண்டும். சென்னை ரிச்சி தெரு போன்ற கடை வீதிகளில் இவை கிடைக்கும்.

சரியான பியூஸ் போடுவாரா? வோல்ட் மாற்றும் திருகு இருந்தால், நம் 230-க்கு ஏற்ற இடத்தில் அல்லது அதற்கு அடுத்த மேல் இடத்தில் வைப்பாரா? ஏ.சி.-டி.சி. செட் என்றால், மேஜைமேல் வைத்து வேலை செய்யும்போது ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வைத்துக்கொள்வாரா? பின் அட்டை இல்லாவிட்டால் புதிதாகச் செய்து மூடிக் கொடுப்பாரா?

வால்வுக்குப் பக்கத்திலோ, சூடாகும் மின்தடைக்குப் பின்னாலோ சாம்பல் நிறத்தில் நார் நாரான அட்டை இருந்தால் சுரண்ட வேண்டாம். அது கல்நாராக இருக்கக்கூடும். அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

குண்டு பல்பு என்ற காவல்காரன்

எல்லாம் மாற்றியாயிற்று. முதல் தடவை மின்சாரம் கொடுக்க வேண்டும். அப்போதும் நேராகக் கொடுக்கக் கூடாது.

மெக்கானிக்குகள் ஒரு பலகையில் குண்டு பல்பு ஒன்றை மாட்டி வைத்திருப்பார்கள். 60 வாட் அல்லது 100 வாட். அந்தப் பல்பு வழியாகத்தான் ரேடியோவுக்கு மின்சாரம் போகும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. இழை உள்ள பழைய மாதிரி பல்புதான் வேண்டும்.

பல்பு முதலில் பளிச்சென்று எரிந்து, பிறகு மங்கினால் பெட்டிக்குள் பெரிய கோளாறு இல்லை. மங்காமல் முழு வெளிச்சத்தில் எரிந்தால் உள்ளே ஷார்ட். பல்பு எரிகிறது, பெட்டி பிழைக்கிறது. உடனே பிளக்கைப் பிடுங்கிவிடலாம்.

பெட்டிக்குத்தான் இது காவல். தொட்டால் ஷாக் அடிப்பதை இந்தப் பல்பு தடுக்காது.

குடலை உருவாதீர்கள்!

இப்போது ஒரு புது மோகம். பழைய ரேடியோவின் உள்ளே இருப்பதை எல்லாம் பிடுங்கி எறிகிறார்கள். புளூடூத் ஸ்பீக்கரை உள்ளே வைக்கிறார்கள். "தாத்தா ரேடியோ பாடுகிறது" என்று வந்தவர்களுக்குக் காட்டுகிறார்கள்.

தாத்தா ரேடியோ எங்கே பாடுகிறது? அதன் சட்டையைப் போட்டுக்கொண்டு வேறு யாரோ பாடுகிறார்கள்!

மெக்கானிக் கிடைக்கவில்லையா? பணம் இல்லையா? ஒயரை வெட்டி எடுத்துவிட்டு, பெட்டியை அப்படியே வரவேற்பு அறையில் வையுங்கள். பாடாத ரேடியோ கேவலம் இல்லை. நாளைக்கு உங்கள் பேத்தி அதைச் சரி செய்யலாம். உள்ளே இருப்பதை எறிந்துவிட்டால் அவள் எதைச் சரி செய்வாள்?

செல்போனை ரேடியோவில் இணைக்கலாமா என்றும் கேட்பார்கள். பின்னால் 'பிக்கப்' என்று இரண்டு துளை இருக்கும். கிராமபோனுக்காக வைத்தது. ஏ.சி.-டி.சி. செட்டில் அந்தத் துளையிலும் மின்சாரம் இருக்கக்கூடும். போனைக் காதில் வைத்திருப்பவர் கதி என்ன ஆகும்? வேண்டவே வேண்டாம். டிரான்ஸ்பார்மர் உள்ள செட்டானாலும் மெக்கானிக் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு இணையுங்கள்.

பாட்டு கேட்குமா?

செலவு செய்யும் முன் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் எப்.எம். கிடையாது. மத்திய அலையும் சிற்றலையும்தான். அந்த அலைகளில் ஒலிக்கும் நிலையங்கள் முன்னைவிடக் குறைந்துவிட்டன. எல்.இ.டி. விளக்கும் செல்போன் சார்ஜரும் 'கர்' என்று இரைச்சலைக் கொடுக்கும். மொட்டை மாடியில் இருபது, முப்பது அடிக்கு ஒரு ஏரியல் கம்பி கட்டி, ராத்திரியில் விளக்குகளை அணைத்துவிட்டுக் கேட்டால் தூரத்துக் குரல்களும் வரும். இடி மழை நேரத்தில் ஏரியலைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

"இவ்வளவுக்காகவா இந்தப் பாடு?" என்று கேட்கலாம்.

ஆம். சுதந்திரம் வந்த சேதியையும், காந்தியடிகள் மறைந்த சேதியையும் எத்தனையோ குடும்பங்கள் வால்வு ரேடியோவில்தான் கேட்டன. தெருவுக்கே ஒரு ரேடியோ இருந்த காலம் உண்டு. திண்ணை நிறைய ஆட்கள் உட்கார்ந்து கேட்டார்கள். அந்தக் காலத்து நல்ல மரவேலையும் நல்ல கைவேலையும் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. எடைக்குப் போட்டால் அது கிடைக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தப் பெட்டிகளைப் பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகளுக்கு வயதாகிவிட்டது. இன்று நாம் அவர்களிடம் ஒரு பெட்டியைக் கொண்டுபோனால், பக்கத்தில் நிற்கும் ஒரு பையனாவது அந்த வேலையைக் கற்றுக்கொள்வான்.

கடைசியாக ஒன்று. பெட்டி சரியாகி வீட்டுக்கு வந்ததும், ஒரு காகிதத்தில் எழுதி உள் பக்கத்து மரத்தில் ஒட்டுங்கள். யார் வாங்கியது? எந்த ஊரில்? என்னென்ன வால்வுகள்? டிரான்ஸ்பார்மர் உள்ளதா, இல்லாததா? எந்தச் சாமானை எந்தத் தேதியில் மாற்றியது? கழற்றிய பழைய சாமான்களை ஒரு டப்பாவில் போட்டுக் கூடவே வையுங்கள்.

நம் கைக்குப் பெயர் தெரியாமல் வந்த பெட்டி, அடுத்தவர் கைக்குப் பெயரோடு போகட்டும்.

இத்தனை வருஷம் பரணில் காத்திருந்த பெட்டி, மெக்கானிக் வரும் வரை இன்னும் ஒரு மாதம் காத்திருக்கும். அதுவரை பிளக்கில் கை வைக்காதீர்கள்!